டேங்கர் லாரி ஓட்டுநர் பணி

டேங்கர் லாரி ஓட்டுநர் என்பவர் பெட்ரோல், டீசல், சமையல் எரிவாயு, அமிலம், பால், தண்ணீர் முதலியவற்றைத் தொட்டி பொருத்திய லாரியில் ஏற்றிச் சென்று உரிய இடத்தில் இறக்குபவர் ஆவார். மூட்டையோ பெட்டியோ ஏற்றிய லாரியில் சரக்கு கட்டிய இடத்திலேயே இருக்கும். டேங்கரில் சரக்கும் சேர்ந்து அசையும். எரிபொருள் டேங்கராக இருந்தால் அது தீப்பற்றவும் கூடும். எனவே இப்பணிக்குப் புதிதாக வருபவர், வண்டி ஓட்டுவதோடு தாம் ஏற்றிச் செல்லும் பொருளின் இயல்பையும் கற்க வேண்டியுள்ளது.

பாளையங்கோட்டைப் பகுதியில் இப்பணி

பாளையங்கோட்டையிலிருந்து கிழக்கே சுமார் 50 கி.மீ. தொலைவில் உள்ள தூத்துக்குடியில் துறைமுகமும் எண்ணெய் நிறுவனங்களின் சேமிப்புக் கிடங்குகளும் உள்ளன. திருநெல்வேலிக்கு மேற்கே அபிஷேகப்பட்டியில் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் எரிவாயு உருளை நிரப்பும் ஆலை உள்ளது. இதனால் தாமிரபரணிக் கரைப் பகுதியில் டேங்கர் போக்குவரத்து அன்றாடக் காட்சியாகும். தென் மாநிலங்களில் ஓடும் எரிவாயு டேங்கர்களின் உரிமையாளர் சங்கம் நாமக்கல்லைத் தலைமையிடமாகக் கொண்டது.

தகுதியும் உரிமமும்

வணிக வாகன உரிமம் பெற 20 வயது நிறைந்திருக்க வேண்டும். இலகு ரக உரிமம் பெற்று ஓராண்டு கழிந்திருக்க வேண்டும். மருத்துவச் சான்றும் தேவை. எரிபொருள் போன்ற அபாயகரமான பொருள்களை ஏற்றிச் செல்ல இவை போதா. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 இன் 9ஆம் விதிப்படி, ஓட்டுநர் மூன்று நாள் சிறப்புப் பயிற்சி பெற்று, அதற்கான மேற்குறிப்பை உரிமத்தில் பதிந்துகொள்ள வேண்டும். ஓர் இந்திய மொழியும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்றும் அவ்விதி கூறுகிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் இவ்வகை உரிமம் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும்.

எழுத்தறிவு கேட்பதற்குக் காரணம் உண்டு. டேங்கரின் பக்கவாட்டிலும் பின்புறத்திலும் உள்ள அவசரத் தகவல் பலகையில் பொருளின் பெயர், ஐக்கிய நாடுகள் எண், தொலைபேசி எண் ஆகியவை இருக்கும். பெட்ரோலுக்கு 1203, டீசலுக்கு 1202, சமையல் எரிவாயுவுக்கு 1075 என்பன அந்த எண்கள். கசிவோ தீயோ ஏற்பட்டால் செய்ய வேண்டியவை ஓட்டுநர் அறையில் வைக்கும் அவசர அட்டையில் எழுதப்பட்டிருக்கும். விபத்து நேரத்தில் தீயணைப்புத் துறைக்கு முதலில் தேவைப்படுவது இந்தத் தகவலே.

தொட்டிக்குள் நடப்பது

முழுதும் நிரம்பிய தொட்டியைவிட அரைகுறையாக நிரம்பிய தொட்டியை ஓட்டுவது கடினம். பிரேக் பிடித்து வண்டி நின்ற பிறகும் உள்ளிருக்கும் நீர்மம் முன்னோக்கிப் பாய்ந்து வண்டியைத் தள்ளும். வளைவில் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து வண்டியைக் கவிழ்க்கப் பார்க்கும். பெட்ரோல் டேங்கரைப் பல அறைகளாகப் பிரிப்பதும், எரிவாயுத் தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் வைப்பதும் இந்த அலைவைக் குறைக்கவே. எனினும் வேகத்தைக் குறைப்பதற்கு ஈடான பாதுகாப்பு வேறில்லை. வளைவுக்குள் நுழைந்த பின் பிரேக் பிடிப்பது புதியவர்கள் செய்யும் தவறு. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

காலி வண்டி ஆபத்தற்றது என்பது மற்றொரு தவறான எண்ணம். பெட்ரோல் இறக்கிய தொட்டியில் ஆவி தங்கியிருக்கும். காற்றுடன் கலந்த அந்த ஆவி ஒரு தீப்பொறியில் வெடிக்கும். ஆவி நிறைந்த தொட்டிக்குள் சுத்தம் செய்ய இறங்குவதும் உயிரைப் பறிக்கும். எடை குறைந்த காலி வண்டியைப் பக்கக் காற்றும் எளிதில் அலைக்கும். ஆடி மாதத்தில் கயத்தாறு, ஆரல்வாய்மொழி போன்ற காற்றாலைப் பகுதிகளைக் கடக்கும்போது இதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஏற்றுதலும் இறக்குதலும்

கிடங்கில் தீப்பெட்டி, கைப்பேசி ஆகியவற்றுக்கு அனுமதி இல்லை. வண்டியின் புகைக்குழாயில் தீப்பொறித் தடுப்பான் இருக்க வேண்டும். எண்ணெய் குழாயில் பாயும்போது நிலைமின்சாரம் உண்டாவதால், ஏற்றும்போதும் இறக்கும்போதும் வண்டியை மண்ணுடன் இணைக்கும் எர்த் கம்பியை மாட்டுவது கட்டாயம்.

பங்கில் இறக்கும்போது எஞ்சினை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, எர்த் கம்பி மாட்டி, சீல் உடையாமல் இருப்பதைக் காட்டி, அளவுகோலால் அளந்து காட்டிய பின்னரே வால்வைத் திறக்க வேண்டும். எந்த அறையில் என்ன எண்ணெய், எந்த நிலத்தடித் தொட்டிக்கு எந்தக் குழாய் என்பதை இருமுறை பார்க்க வேண்டும். டீசல் தொட்டியில் பெட்ரோல் கலந்தால் இழப்பு பெரிது. இறக்கி முடியும்வரை ஓட்டுநர் வண்டியை விட்டு அகலக் கூடாது.

புதியவரை வருத்தும் சிக்கல் அளவுக் குறைவு. வெப்பம் கூடினால் பெட்ரோல் விரியும், குறைந்தால் சுருங்கும். 12,000 லிட்டரில் 10 டிகிரி செல்சியஸ் மாற்றம் 100 லிட்டருக்கு மேல் வேறுபாட்டைக் காட்டக்கூடும். இதை அறியாதவர் திருட்டுப் பழிக்கு ஆளாக நேரிடும். கிடங்கிலிருந்து கிளம்பும்போதே அளவு, அடர்த்தி, வெப்பநிலை ஆகிய மூன்றும் சீட்டில் எழுதப்பட்டுள்ளனவா என்று பார்த்து வாங்குவது அவருக்குக் காப்பு.

விபத்து நேர்ந்தால்

2012 ஆகஸ்ட் 27 இரவு கேரளத்தின் கண்ணூர் அருகே சாலாவில் எரிவாயு டேங்கர் கவிழ்ந்து தீப்பற்றியதில் 20 பேர் இறந்தனர். 2017 ஜூன் 25 அன்று பாகிஸ்தானின் அகமத்பூர் கிழக்கு என்ற ஊருக்கு அருகே கவிழ்ந்த டேங்கரிலிருந்து வழிந்த பெட்ரோலைப் பிடிக்க மக்கள் குடங்களுடன் கூடினர். தீப்பற்றியதில் 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2025 ஜனவரி 3 அன்று கோயம்புத்தூர் அவிநாசி சாலை மேம்பாலத்தில் 18 டன் எரிவாயுவுடன் வந்த தொட்டி லாரியிலிருந்து கழன்று விழுந்து கசிந்தது. சுற்றுப்புறப் பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டு, கூட்டம் தடுக்கப்பட்டு, கசிவு அடைக்கப்பட்டது. உயிர்ச்சேதம் இல்லை.

இவற்றிலிருந்து ஓட்டுநரின் முதற்கடமை தெளிவாகிறது. காயமின்றித் தப்பியிருந்தால் எஞ்சினை நிறுத்தி, மின் இணைப்பைத் துண்டித்து, 112க்கு அழைக்க வேண்டும். எரிவாயுக் கசிவைத் தெரிவிக்க 1906 என்ற எண்ணும் உண்டு. எரிவாயு காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவிச் சாக்கடையிலும் பள்ளத்திலும் தங்கும். ஆகவே மக்களைக் காற்று வீசிவரும் பக்கமாக, மேட்டுப்பாங்கான இடத்திற்கு விலக்க வேண்டும். அடுப்பு, பீடி, வாகன எஞ்சின் அனைத்தையும் அணைக்கச் சொல்ல வேண்டும்.

பணி நேரமும் நலனும்

2025 வரை நடைமுறையில் இருந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961 நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்திற்கு 48 மணி நேரம் என வேலை நேரத்தை வரையறுத்தது. ஐந்து மணி நேரத்திற்குள் அரை மணி ஓய்வும் தர வேண்டும் என்று அச்சட்டம் கூறியது. நடைமுறையில் கிடங்கு வாசலில் காத்திருக்கும் நேரமே பல மணி ஆகும். அந்த நேரத்தில் தூங்காமல், பிறகு இரவில் ஓட்டுவதே ஆபத்து. தமிழ்நாட்டில் அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கெனத் தனி நல வாரியம் உள்ளது. அதில் பதிவு செய்தவர்களுக்கு விபத்து உதவி, பிள்ளைகளின் கல்வி உதவி முதலியவை கிடைக்கின்றன. பணியில் சேரும்போதே பதிவு செய்துகொள்வது குடும்பத்திற்கு நல்லது.