மைக்குக்கு முன்னால் அறை

வீட்டிலேயே பாட்டைப் பதிவு செய்ய ஆசைப்பட்டு என்னிடம் வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "என்ன மைக் சார் வாங்கலாம்?" என்பதுதான். "எந்த அறையில் வைக்கப் போகிறீர்கள்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். கும்பகோணத்தில் மிருதங்கம் வாசிக்கிறவன் நான். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பாடகர்கள் பாட்டை அனுப்புவார்கள். வீட்டிலிருந்தே அதற்கு வாசித்துப் பதிவு செய்து அனுப்புவது இன்று என் தொழிலில் பாதி. மைக் உங்கள் குரலை மட்டும் கேட்பதில்லை. அறை திருப்பிச் சொல்வதையும் சேர்த்தே கேட்கிறது. குரலை இன்னொரு நாள் திரும்பப் பாடிவிடலாம். குரலோடு கலந்துவிட்ட அறையைப் பிரித்தெடுப்பது ரொம்பக் கஷ்டம்.

நம் வீடுகள் சிமென்ட் பூச்சும் கான்கிரீட் தளமும் டைல்ஸ் தரையுமாக இருக்கின்றன. காலி அறையில் நடுவே நின்று ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஓசை ஓடித் திரும்பி 'கிர்ர்' என்று ஒரு வால் கேட்கும். அந்த வாலை முதலில் அடக்க வேண்டும். அதற்குக் கடைக்கு ஓட வேண்டியதில்லை. கட்டிலும் மெத்தையும் கதவு திறந்த துணி பீரோவும் இருக்கிற படுக்கையறை, காலியான ஹாலை விட எவ்வளவோ மேல். இலவம்பஞ்சு மெத்தை ஒன்றை நிமிர்த்திப் பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் நிறுத்துங்கள். பலர் அதை மைக்குக்குப் பின்னால் வைக்கிறார்கள். பாட்டுக்கு நாம் வாங்கும் மைக் பெரும்பாலும் முன்பக்கத்தைக் கேட்கும், பின்பக்கத்தை ஒதுக்கும். அது பார்த்துக்கொண்டிருப்பது பாடகரையும் அவருக்குப் பின்னால் உள்ள சுவரையும்தான்.

முட்டை அட்டை ஒட்டுவதை இன்னும் பார்க்கிறேன். அது அறையைச் சரிசெய்யாது, வெளிச்சத்தத்தையும் நிறுத்தாது. ஒரு அங்குல ஃபோமைச் சுவர் முழுக்க ஒட்டினால் மேல் அதிர்வுகளை மட்டும் அது தின்றுவிடும். கீழ் அதிர்வுகள் அப்படியே நிற்கும். கேட்டால் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போல மந்தமாக இருக்கும். பத்தடிக்குப் பத்தடி, உயரமும் பத்தடி என்று பெட்டி போன்ற அறைதான் எல்லாவற்றிலும் தொல்லை. ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. பத்தடி இடைவெளியில் 56 ஹெர்ட்ஸ் அதிர்வும் அதன் மடங்குகளும் சுவர்களுக்கு நடுவே நின்று வீங்கும். மூன்று அளவும் ஒன்றானால் மூன்று பக்கமும் அதே இடத்தில் வீங்கும். மிருதங்கத்தில் தொப்பியின் கும்கி அங்கே குழைந்து போகும்; ஒரு மூலையில் பூதாகரமாகவும் இரண்டடி தள்ளினால் காணாமலும் கேட்கும். நீளமும் அகலமும் வேறுபட்ட அறை இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். கையில் காசு மிஞ்சினால் நாலு அங்குலக் கனத்தில் ராக்வூல் பலகைகளை மரச்சட்டத்தில் வைத்துத் துணி போர்த்தி, மூலைகளில் நிறுத்துங்கள். கீழ் அதிர்வுகள் குவிவது மூலைகளில்தான். விலை கூடிய மைக்கை விட இந்தச் செலவு எனக்குப் பல மடங்கு பலன் தந்தது.

வெளிச்சத்தத்தைத் தடுப்பது வேறு கதை. பக்கத்து வீட்டு மிக்சியையும் பஸ் ஹாரனையும் பஞ்சு நிறுத்தாது; கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும் வேண்டும். வாடகை வீட்டில் அது நடக்காது. ஆகவே நேரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. தெரு அடங்கிய பிறகு நான் உட்காருகிறேன். மின்விசிறியை நிறுத்தியே ஆக வேண்டும்: அதன் இரைச்சல் ஒரு பக்கம், காற்று மைக்கில் மோதுவது இன்னொரு பக்கம். கத்திரி வெயிலில் துண்டு துண்டாக வாசித்து, நடுவே விசிறியைப் போட்டு இளைப்பாறுகிறேன். ஒவ்வொரு இடைவேளைக்குப் பிறகும் சுருதியைப் பார்த்துத் தட்டிச் சேர்க்க வேண்டும். வெப்பமும் ஈரமும் மாறினால் தோல் தன் இஷ்டத்துக்கு நகர்ந்துவிடும்.

இத்தனைக்கும் பிறகுதான் மைக். கண்டென்சர் மைக் நுணுக்கமாகக் கேட்கும். குரலின் மூச்சும் அதில் விழும், தெருவில் போகும் ஆட்டோவும் விழும். டைனமிக் மைக் அவ்வளவு கூர்மை இல்லை, ஆனால் பண்படுத்தாத அறையை நிறைய மன்னிக்கும். முதல் மைக்காக டைனமிக்கையே சொல்வேன். ஷூர் நிறுவனத்தின் எஸ்.எம்.57 வந்தது 1965இல், எஸ்.எம்.58 அதற்கு அடுத்த ஆண்டு. இரண்டும் இன்றும் விற்கின்றன. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 ஜனவரியில், நியூ ஜெர்சியில் ஒரு வாடகை வீட்டில், இரண்டு எஸ்.எம்.57 மைக்கையும் கேசட்டில் ஓடும் நாலு டிராக் கருவி ஒன்றையும் வைத்துப் பாடினார். பின்னால் குழுவோடு முறையாகப் பதிவு செய்ய மாதிரி வேண்டும் என்றுதான் அதைச் செய்தார். ஸ்டூடியோவில் வாசித்தபோது வீட்டுக் கேசட்டில் இருந்த உயிர் வரவில்லை. அந்தக் கேசட்டே 'நெப்ராஸ்கா' என்ற ஆல்பமாக வெளிவந்தது. இன்று நம்மிடம் இருக்கும் சாதாரண லேப்டாப் அந்தக் கருவியை விடப் பல மடங்கு வசதியானது. குறைவான கருவி நல்ல இசைக்குத் தடையில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மிருதங்கத்துக்கு வலந்தலைக்கு ஒன்றும் தொப்பிக்கு ஒன்றுமாக இரண்டு மைக் வைக்கிறேன், ஒரு சாண் தள்ளி. அதற்கும் நெருங்கினால் கீழ் ஓசை ஊதிப் பெருக்கும். இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போது தொப்பி மெலிந்தால், ஒரு மைக்கின் அலையைத் தலைகீழாக்கும் பொத்தானை அழுத்திப் பார்த்து, எது நிறைவாகக் கேட்கிறதோ அதை வைத்துக்கொள்ள வேண்டும்.

மைக்கின் மெல்லிய மின்னோட்டத்தை எண்களாக்கிக் கணினிக்குத் தருவது ஆடியோ இன்டர்ஃபேஸ். இரண்டு மைக் செருகக்கூடியதாக வாங்குங்கள். கண்டென்சருக்கு வேண்டிய 48 வோல்ட்டும் அதிலிருந்தே வரும். 24 பிட், 48,000 ஹெர்ட்ஸ் என்று வைத்தால் போதும். உச்ச ஓசை மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் நிறுத்திக்கொள்ளுங்கள். 24 பிட்டில் கீழே ஏராளமான இடம் இருக்கிறது. சிவப்பு விளக்கு எரிந்து ஓசை உடைந்தால் சரிசெய்வது அரிது.

தாளக்காரனுக்கு முக்கியமானது தாமதம். கச்சேரி மேடையில் பாடகருக்கும் எனக்கும் நடுவே ஒன்றிரண்டு மீட்டர் இருக்கும். அந்தத் தூரத்தைக் கடக்கவே ஒலிக்கு மூன்று முதல் ஆறு மில்லி நொடி ஆகிறது. அது காதுக்குப் பழகியது. கணினிக்குள் போய் ஹெட்ஃபோனுக்குத் திரும்புவதற்குள் அது முப்பது ஆகிவிட்டால் கை தடுமாறும். பதிவின்போது பஃபரை 128 அல்லது 256க்குக் குறையுங்கள். இன்டர்ஃபேஸிலேயே நேராகக் கேட்கும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். காதை முழுவதும் மூடும் ஹெட்ஃபோன் வேண்டும், இல்லையென்றால் அதிலிருந்து ஒழுகும் தம்புரா மைக்கில் ஏறும். மென்பொருளுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம்: ஆடாசிட்டி இலவசம், ஆப்பிள்காரர்களுக்கு கராஜ்பேண்ட் இலவசம், நான் பயன்படுத்தும் ரீப்பர் தனிநபருக்கு 60 டாலர்.

'ம்ம்ம்' என்று 50 ஹெர்ட்ஸ் உறுமல் வந்தால் வீட்டு எர்த்தைப் பாருங்கள். லேப்டாப் சார்ஜரைக் கழற்றினால் போய்விடுகிறதா என்றும் பாருங்கள். கரண்ட் போய் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓடும்போது பதிவு செய்யாமல் இருப்பது நல்லது.

பதிவான கோப்பை வேவ் வடிவிலேயே அனுப்புங்கள். ஒரு டிராக் நிமிடத்துக்கு 8.6 எம்.பி. பிடிக்கும். வாசிப்பு மூன்றாவது நிமிடத்தில் தொடங்கினாலும் கோப்பு பாட்டின் முதல் நொடியிலிருந்தே இருக்க வேண்டும், முன்னால் வெறும் மௌனமாக இருந்தாலும் சரி. அந்தப் பக்கம் பாடகர் அதைத் தன் பாட்டுக்குக் கீழே இழுத்துப் போட்டதும் சமம் சமத்தில் விழும்.