மண்ணுக்கடியில் கிடந்த கணக்கு

குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், தாகம் தீரும். தண்ணீரோடு நஞ்சும் வந்தால்? வந்தது, தோழர்களே! செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலே, மோட்டார் கார்களை உலகுக்கு வடித்துத் தந்த பிளின்ட் நகரத்திலே வந்தது!

உழைப்பாளர் உலகம் அறிந்த ஊர் அது. 1936 டிசம்பர் இறுதியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து, 44 நாட்கள் அசையாதிருந்து, தங்கள் சங்கத்தை முதலாளிகள் ஏற்கும்படி செய்த வீரர்களின் ஊர். காலம் மாறிற்று, ஆலைகள் மூடின, நகராட்சி கடனில் மூழ்கிற்று. மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்தை ஒதுக்கிவிட்டு, மாநில அரசு தன் அதிகாரியை ஆள உட்கார வைத்தது. சிக்கனம் என்றார்கள். 2014 ஏப்ரலில் டெட்ராய்ட் தண்ணீரை நிறுத்தி, பிளின்ட் ஆற்று நீரைத் திருப்பிவிட்டார்கள். குழாயை அரிக்காதிருக்கச் சேர்க்க வேண்டிய மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய காரீயக் குழாய்கள் அரித்தன. குடிநீரில் காரீயம் கலந்தது. குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் நஞ்சு அது!

தாய்மார்கள் பழுப்பு நீரைப் புட்டிகளில் ஏந்திவந்து காட்டினார்கள். "நல்ல நீர்தான்" என்றது அதிகாரம். அதே ஆண்டு அக்டோபரில், எஞ்சின் ஆலை, "இந்த நீர் எங்கள் உறுப்புகளைத் துருப்பிடிக்கச் செய்கிறது" என்றது. ஆலைக்கு வேறு தண்ணீர் கிடைத்தது! இரும்பு அழுதது, கேட்டது. குழந்தை அழுதது, கேட்கவில்லை!

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். பிளின்ட்டில் அதை அம்பலம் ஏற்றியது எது? எண்! 2015 செப்டம்பரில், மோனா ஹன்னா-அட்டிஷா என்ற குழந்தை மருத்துவர் மருத்துவமனை ஏடுகளைக் கணக்கிட்டார். இரத்தத்தில் அளவு மீறிய காரீயம் உள்ள சிறு குழந்தைகள், 100க்கு 2.4 என்றிருந்தது 4.9 ஆகியிருந்தது. முதலில் மறுத்தார்கள், பிறகு தலைகுனிந்தார்கள். அடுத்த மாதமே டெட்ராய்ட் தண்ணீர் திரும்பிற்று.

ஆனால் மண்ணுக்கடியில் காரீயக் குழாய்கள் கிடந்தனவே! எந்த வீட்டின் அடியில்? நகராட்சியின் பழைய அட்டைகளில் எழுத்து மங்கிக் கிடந்தது. இருந்த எழுத்தையும் நம்ப முடியவில்லை. இங்கேதான் மிச்சிகன் பல்கலைக் கழகம் களமிறங்கிற்று. ஜேக்கப் அபர்னெத்தி, எரிக் ஷ்வார்ட்ஸ் என்ற ஆசிரியர்களும் மாணவர்களும் கணிப்பொறியின்முன் உட்கார்ந்தார்கள். வீடு கட்டிய ஆண்டு, அதன் மதிப்பு, இருக்கும் இடம், பழைய அட்டையின் குறிப்பு, ஏற்கெனவே தோண்டிய வீடுகளில் கண்டது எல்லாவற்றையும் ஒப்பிட்டு, எந்த வீட்டில் காரீயம் இருக்கக்கூடும் என்று வரிசைப்படுத்தினார்கள். தரவு அறிவியல் என்று இன்று பேசுகிறார்களே, அது இதுதான். பத்துக் கிணறு வெட்டியவன் பதினோராவது கிணற்றுக்கு இடம் சொல்வதில்லையா? அந்த அனுபவத்தை ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு விரித்த வித்தை. புதிதாகத் தோண்டிய ஒவ்வொரு குழியும் அதற்கு ஒரு பாடம்.

பலன் என்ன? 2017இல் 8,833 வீடுகளைச் சோதித்து, 6,228 வீடுகளில் குழாய் மாற்றினார்கள். 100க்கு 70! மறு ஆண்டு புதிய ஒப்பந்தக்காரர் வந்தார். பல்கலைக் கழகக் கணக்கு மூலையில் கிடந்தது. 10,531 இடங்களைத் தோண்டியதில் மாற்ற வேண்டிய குழாய் கிடைத்தது 1,567இல் மட்டுமே. 100க்கு 15! நல்ல செம்புக் குழாயைத் தேடித் தேடித் தோண்டிக்கொண்டிருக்க, காரீயக் குழாய் வீட்டுக் குழந்தை காத்துக் கிடந்தது.

ஏன் இப்படி? "அடுத்த தெருவைத் தோண்டுகிறாய், என் தெருவை ஏன் விட்டாய்?" என்று மக்கள் கேட்டார்கள். கேட்டது குற்றமா? ஒருமுறை "நல்ல நீர்" என்று ஏமாற்றப்பட்டவர்கள், மறுமுறை "கணிப்பொறி சொல்கிறது" என்றால் நம்புவார்களா? எல்லாத் தெருவையும் தோண்டு என்பது எளிய விடை. கணக்கைத் தெருமுனையில் நின்று விளக்கி, "ஆபத்து மிகுந்த வீடு முதலில், உன் வீடும் விடுபடாது" என்று உறுதி கொடுப்பதே சரியான விடை. மக்களும் அமைப்புகளும் தொடுத்த வழக்கின் வழியாக, 2019இல் அந்தக் கணக்கு மீண்டும் களத்துக்கு வந்தது. 2025 ஜூலையில், ஏறத்தாழ 11,000 குழாய்கள் மாற்றப்பட்டுப் பணி முடிந்ததாக மாநில அரசு நீதிமன்றத்தில் தெரிவித்தது. நஞ்சு பாய்ந்து பதினோரு ஆண்டுகள் கழித்து!

எண் யாருக்கும் பகையல்ல, உறவுமல்ல. எடுத்தவன் கையில் அது கருவி. செலவைக் குறைக்க எண்ணியவன் கையில் அது ஓர் ஊரையே வாட்டிற்று. குழந்தையைக் காக்க எண்ணியவர் கையில் நஞ்சைத் தேடிப் பிடித்தது. எனவே கணக்கைக் கண்டு மிரளவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். நம் வீட்டைப் பற்றிய கணக்கை யார் எடுத்தாலும், நிமிர்ந்து நின்று கேட்போம்: "எதை எண்ணினாய்? யாருக்காக எண்ணினாய்? காட்டு, பார்க்கிறோம்!"