வேலிப் பக்கம் ஒரு மருந்து

கல்பாக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "மூட்டுவலிக்கு மூலிகைத் தேநீர்த் தூள் என்று கடற்கரைச் சாலைக் கடையில் ஒரு பொட்டலம் வாங்கினேன். குடிக்கலாமா?" அதில் சேர்த்திருப்பவற்றையும் எழுதி அனுப்பியிருக்கிறார். சுக்கு, மிளகு, சீரகமெல்லாம் நம் அடுப்படிச் சரக்கு. முதலில் நிற்கும் முடக்கத்தானைப் பற்றித்தான் எனக்குப் பேச ஆசை.

முடக்கத்தான் தோசையும் ரசமும் தெரியாதவர் இல்லை. கஷாயம் அதைவிட எளிது. ஒரு கைப்பிடி இலை, தோல் சீவித் தட்டிய சுக்கு, கொஞ்சம் சீரகம், நாலைந்து மிளகு. இரண்டு டம்ளர் தண்ணீர் ஒன்றாக வற்றியதும் வடிகட்டி, பனங்கருப்பட்டி சேர்த்துச் சூடாகக் குடிக்க வேண்டியதுதான். புதிதாகக் குடிப்பவர்களுக்கு வயிறு இளகும். அரை டம்ளரில் தொடங்குங்கள், வெளியூர் கிளம்பும் நாளில் வேண்டாம். மிச்சத்தை வைத்திருந்து சூடுபண்ணவும் கூடாது. குடிநீருக்குச் சித்த மருத்துவம் தரும் ஆயுள் ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம். சூரணத்துக்கு 3 மாதம். வாசகி தம் பொட்டலத்தின் தேதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.

இலை பறிக்கிறவர்கள் காயைப் பொருட்படுத்துவதில்லை. எனக்கோ காய்தான் அதிசயம். செங்கல்பட்டு நாட்டு மருந்துக் கடையில் சின்ன வயதில் எனக்கு மடித்துத் தந்த காகிதப் பொட்டலம் போல, உப்பிய மூன்று மூலைப் பை. உள்ளே காற்றுதான் அதிகம். மூன்று அறை, அறைக்கொரு விதை. முற்றிய விதை கறுப்பு. அதன்மேல் வெள்ளையாக ஓர் இதய வடிவம். காயோடு விதை ஒட்டியிருந்த இடத்தின் தடம் அது. காய்ந்த பை காற்றில் உருளும், நீரில் மிதக்கும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் சோயா வயல்களுக்கு இது களை. விதை கிட்டத்தட்ட சோயா அளவிலேயே உருண்டையாக இருப்பதால் அறுவடையில் கலந்துவிடும். சலித்துப் பிரிப்பது பெரும்பாடு. நாம் காசு கொடுத்து வாங்குவதை அங்கே காசு செலவழித்து ஒழிக்கிறார்கள்.

இவ்வளவு பிடிவாதமான கொடி நம் பக்கத்தில் கண்ணில் படுவது குறைந்துவிட்டது. ஏறுவதற்கு வேலி வேண்டுமே! கோவளம் தாண்டி மாமல்லபுரம் வரை, கிளுவையும் முள்ளும் நின்ற இடங்களில் மனைப்பிரிவுகளின் காம்பவுண்டு சுவர் நிற்கிறது. கொடியை மட்டுமல்ல, அதை அறிந்தவர்களையும் மறந்துவிட்டோம். வடநெம்மேலியில் பாம்பு பிடிக்கும் இருளர்களை ஊரறியும். 2023இல் இருவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அதே இருளர் சமூகப் பெண்கள், செங்கல்பட்டை அடுத்த தண்டரையில் 1986இல் தொடங்கிய சங்கத்தில் மூலிகைத் தோட்டம் வளர்த்து மருந்து செய்வது எத்தனை பேருக்குத் தெரியும்? செடியை முகம் பார்த்துச் சொல்லக்கூடியவர்களை விட்டுவிட்டு, பொட்டலத்தில் அச்சிட்ட படத்தை நம்புகிறோம்.

முடக்கத்தான் சாறு ஆய்வகத்தில் எலிகளின் வீக்கத்தைத் தணித்திருக்கிறது. எலிக்குத் தணிந்ததெல்லாம் நமக்கும் தணிந்தாக வேண்டும் என்பதில்லை. உழைத்த அலுப்புக்கும் மழைக்கால உளைச்சலுக்கும் கஷாயம் குடித்துப் பாருங்கள். மூட்டு சிவந்து வீங்கிக் காய்ச்சலும் கண்டால் மருத்துவரிடம் போங்கள். சித்த வைத்தியம்தான் வேண்டுமென்றால் தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனமே இருக்கிறது. கர்ப்பிணிகளும் தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

வாசகிக்கு என் பதில் இதுதான்: கொல்லைப்புறத்தில் நாலு முழம் கம்பிவலை கட்டி இரண்டு விதை ஊன்றுங்கள். அடுத்த முறை தூள் வாங்கும் காசில் நல்ல சுக்காக வாங்கிக்கொள்ளலாம்.