ஊதாப் புள்ளி வைத்தது யார்?

டிசம்பர் 1 உலக எய்ட்ஸ் தினம் நெருங்கினால் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை பலர் கேட்டிருப்பது: ‘எச்.ஐ.வி. முற்றினால் காப்போசி சார்கோமா என்ற புற்றுநோயாக மாறிவிடுமா?’

மாறாது. ‘எய்ட்ஸைக் குறிக்கும் நோய்’ என்று அதிகாரிகள் வகைப்படுத்தி வைத்ததில் வந்த வினை இது. நோயாளியை எந்தப் பதிவேட்டில் ஏற்றுவது என்பதற்குத்தான் அந்தப் பெயர் உதவும். காரணம் அதில் கிடைக்காது.

1872இல் வியன்னாவில் மோரிட்ஸ் காப்போசி இந்நோயை விவரித்தபோது எய்ட்ஸ் என்ற பேச்சே இல்லை. 1981 ஜூலையில் நியூயார்க்கிலும் கலிஃபோர்னியாவிலும் தன்பாலீர்ப்பு ஆண்கள் 26 பேருக்கு இது வந்திருப்பதாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. மற்றவர்களுக்குத் தொற்றும் அபாயம் தென்படவில்லை என்று அதன் மருத்துவர் நியூயார்க் டைம்ஸிடம் ஆறுதல் சொன்னார். ஆதாரம்? அந்த வட்டத்துக்கு வெளியே இன்னும் யாருக்கும் வரவில்லையாம்!

உருப்படியான துப்பு 1990இல்தான் கிடைத்தது. ஆய்வாளர் வேலரி பெரல் குழு அமெரிக்க எய்ட்ஸ் பதிவுகளை அலசியது. தன்பாலீர்ப்பு ஆண்களில் 21 சதவீதத்தினருக்கு இந்தப் புற்று இருந்தது; ரத்தப் பொருள் வழியாக எச்.ஐ.வி. ஏறிய ஹீமோபிலியா ஆண்களில் 1 சதவீதம்தான். எச்.ஐ.வி. இரு தரப்புக்கும் பொது. அப்படியானால் உடலுறவில் பரவும் இன்னொரு கிருமி இருந்தாக வேண்டும் என்று அந்தக் குழு ஊகித்தது.

1994இல் யுவான் சாங், பாட்ரிக் மூர் தம்பதி அதைப் பிடித்தது பள்ளிக்கூடக் கழித்தல் கணக்கு போட்டு. ஒரே நோயாளியின் புற்றுப் புள்ளியிலிருந்தும் நல்ல திசுவிலிருந்தும் டி.என்.ஏ. எடுத்தார்கள். இரண்டிலும் பொதுவாக இருந்ததைக் கழித்துக்கொண்டே போனார்கள். மனிதருடையது கழிந்தபின் மிஞ்சிய துணுக்குகளில் ஹெர்பிஸ் குடும்பச் சாயல் தெரிந்தது. சோதித்த 27 எய்ட்ஸ் நோயாளிகளின் புற்றுத் திசுக்களில் 25இல் அவை இருந்தன. எச்.ஹெச்.வி.-8 என்ற மனித ஹெர்பிஸ் வைரஸ் சிக்கியது இப்படித்தான். எச்.ஐ.வி. எதிர்ப்பாற்றலைக் குலைத்து வழிவிடுகிறது. ரத்தக்குழாயின் உட்சுவர் செல்களைக் கெடுப்பது இந்த எட்டாம் நம்பர்.

எப்படிப் பரவும்? முக்கியமாக எச்சில் வழியே.

வைரஸ் உள்ள எல்லோருக்கும் புற்று வருமா? பெரும்பாலோருக்கு வராது.

இந்தியாவில்? அரிது, அந்த வைரஸே இங்கு குறைவு.

சிகிச்சை? எச்.ஐ.வி.யை அடக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரையிலேயே ஆரம்ப நிலை அடங்குவதுண்டு. பரவிவிட்டால் கூடவே கீமோ.

அரிது என்பதாலேயே மருத்துவர் கண்ணுக்கும் தப்பலாம். எச்.ஐ.வி. உள்ளவர்கள் தோலிலோ மேலண்ணத்திலோ வலியும் அரிப்பும் இல்லாத ஊதாப் புள்ளியைக் கண்டால் ஏ.ஆர்.டி. மையத்தில் காட்டுங்கள். கடையில் கேட்டு ஸ்டீராய்டு மாத்திரை போட வேண்டாம்; அது இந்த நோயைக் கிளறிவிடும்.