முகவரி கேட்டால் யார் பதில் சொல்வது?

2024 செப்டம்பர் முதல் வாரத்தில் மலேசிய இணையப் பயனர்கள் சிலர் ஒரு வியப்பான செய்தியைக் கண்டுபிடித்தனர். அவர்களின் கணினி கூகளிடம் ஒரு கேள்வி அனுப்பியது. பதிலும் உடனே வந்தது. ஆனால் அந்தப் பதிலைச் சொன்னது கூகள் அல்ல. இடையில் இருந்த உள்நாட்டுக் கணினி ஒன்று கேள்வியைப் பிடித்து, தானே பதில் சொல்லியிருந்தது!

இணையச் சேவை நிறுவனங்களுக்கு எம்.சி.எம்.சி. எனும் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் இட்ட உத்தரவே இதற்குக் காரணம். செப்டம்பர் 30-க்குள் எல்லா நிறுவனங்களும் இதைச் செய்து முடிக்க வேண்டும் என்று கூறப்பட்டிருந்தது. ஆனால் எதிர்ப்பு வலுத்ததால் செப்டம்பர் 8-ஆம் தேதியே திட்டம் நிறுத்தப்பட்டது. இணையச் சேவை நிறுவனங்களை அரசாங்கம் எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தலாம் என்ற கேள்வி மட்டும் இன்னும் நம்முடன் இருக்கிறது. அதற்கு விடை தேடும் முன், அந்தக் கணினி அப்படி என்ன கேட்டது என்று பார்ப்போம்.

பெயருக்குப் பின்னால் ஓர் எண்

அகப்பக்கங்களை நாம் பெயரால் அழைக்கிறோம். கணினிகளோ ஒன்றையொன்று எண்களால்தான் அடையாளம் காண்கின்றன. பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தேடித் தரும் ஏற்பாட்டுக்கு டி.என்.எஸ். என்று பெயர். 1983-இல் அமெரிக்கக் கணினி அறிஞர் பால் மொக்கபெட்ரிஸ் இதை வடிவமைத்தார்.

கல்வி அமைச்சின் அகப்பக்கத்தைத் திறக்க விரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கணினி ஒரு டி.என்.எஸ். சேவையகத்திடம் முகவரி கேட்கும். விடை அதனிடம் இல்லையென்றால், அது முதலில் மூலச் சேவையகத்தையும், அடுத்து மலேசிய முகவரிகளுக்குப் பொறுப்பான சேவையகத்தையும், கடைசியில் அந்த அகப்பக்கத்துக்கு உரிய சேவையகத்தையும் விசாரித்து எண்ணைக் கொண்டு வரும். இத்தனையும் நீங்கள் கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும்.

பொதுவாக இந்தச் சேவையகத்தை உங்கள் இணையச் சேவை நிறுவனமே நடத்துகிறது. விரும்பினால் கூகளின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 போன்ற பொதுச் சேவையகங்களையும் நாம் தேர்ந்தெடுக்கலாம்.

அஞ்சலட்டையும் மூடிய உறையும்

சாதாரண டி.என்.எஸ். கேள்வி ஓர் அஞ்சலட்டை போன்றது. எழுதியிருப்பதை வழியில் இருப்பவர் யாரும் படிக்கலாம். அதைச் சுமந்து செல்லும் அஞ்சல்காரர்தான் இணையச் சேவை நிறுவனம்.

ஓர் அகப்பக்கத்தைத் தடை செய்ய வேண்டுமானால், நிறுவனம் தன் சேவையகத்திடம் “இந்த முகவரியைச் சொல்லாதே” என்று கட்டளையிடும். ஆனால் பயனர் 8.8.8.8-க்கு மாறிவிட்டால் இந்தத் தடை பலிக்காது. அந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் 2024-இன் உத்தரவு. அஞ்சலட்டை யார் பெயருக்கு எழுதப்பட்டிருந்தாலும், அஞ்சல்காரர் அதை உள்ளூர் அலுவலகத்திலேயே கொடுத்துப் பதில் வாங்கித் தர வேண்டும்.

மூடிய உறைகளும் உண்டு. 2018-இல் தரநிலையாக வெளிவந்த ஒரு முறை, டி.என்.எஸ். கேள்வியை மறையாக்கம் செய்து அனுப்புகிறது. பதில் சொல்பவர் தம் மின்னியல் சான்றிதழைக் காட்ட வேண்டும். கூகளின் சான்றிதழை இன்னொரு கணினி காட்ட முடியாது. எனவே உறையைத் திசைதிருப்பினால், உலாவி அந்தப் பதிலை ஏற்க மறுத்துவிடும்.

இரு தரப்பு நியாயங்கள்

ஆணையத்தின் நோக்கம் பயனர்களைப் பாதுகாப்பது. 2018 முதல் 2024 ஆகஸ்டு 1 வரை 24,277 அகப்பக்கங்கள் தடை செய்யப்பட்டதாக அது அறிவித்தது. அவற்றில் 39 விழுக்காடு இணையச் சூதாட்டம், 31 விழுக்காடு ஆபாசம், 14 விழுக்காடு பதிப்புரிமை மீறல். மோசடி முதலீட்டுத் தளங்களும் பட்டியலில் இருந்தன. சூதாட்டத்திலும் மோசடியிலும் சேமிப்பை இழந்த குடும்பங்களுக்கு இந்தத் தடையின் அருமை தெரியும்.

எதிர்த்தவர்களின் வாதமும் எளிதில் ஒதுக்கக்கூடியது அல்ல. முகவரி கேட்பவருக்கு வேறொருவர் பதில் சொல்வது, இணையத் திருடர்கள் போலித் தளங்களுக்கு ஆளை இழுக்கக் கையாளும் உத்தியும்கூட. பயனர் தேர்ந்தெடுத்த சேவையகத்தை அவர் அறியாமல் மாற்றினால் நம்பிக்கை குலையும். எல்லாக் கேள்விகளும் சில சேவையகங்களில் குவிந்தால், அவை பழுதாகும்போது பாதிப்பும் பெரிதாகும். இன்று சூதாட்டத்தைத் தடுக்கும் கருவி, நாளை ஒரு செய்தித் தளத்தையும் தடுக்கலாம்.

ஜொகூர், லெடாங் நாடாளுமன்ற உறுப்பினர் சைட் இப்ராஹிம் சைட் நோ, ஆளும் கூட்டணியைச் சேர்ந்தவராக இருந்தும் இத்திட்டத்தை வெளிப்படையாக எதிர்த்தார். இது மின்னியல் பொருளாதாரத்தைப் பாதிக்கும் என்பது அவர் கருத்து. கூலாயிலும் இஸ்கண்டார் புத்ரியிலும் தரவு மையங்கள் எழும்பி வரும் நம் மாநிலத்துக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. பின்னர், திட்டத்தைத் தொடர வேண்டாம் என்று தொடர்புத் துறை அமைச்சர் ஃபாமி ஃபட்சில் ஆணையத்தைக் கேட்டுக்கொண்டார்.

சட்டம் என்ன சொல்கிறது?

1998-ஆம் ஆண்டின் தொடர்பு பல்லூடகச் சட்டத்தில் இரு தரப்புக்கும் ஆதாரம் இருக்கிறது. தம் கட்டமைப்பு குற்றத்துக்குப் பயன்படாதபடி நிறுவனங்கள் இயன்ற அளவு தடுக்க வேண்டும் என்கிறது 263-ஆம் பிரிவு. இச்சட்டத்தில் உள்ள எதையும் இணையத் தணிக்கைக்கான அனுமதியாகக் கொள்ளக்கூடாது என்கிறது 3-ஆம் பிரிவு. குற்றத் தடுப்பு எங்கே முடிந்து தணிக்கை எங்கே தொடங்குகிறது என்பதில்தான் சிக்கல்.

கட்டுப்பாடு என்றாலே தடை அல்ல

2018-இல் இதே ஆணையம் வேறு வகைக் கட்டுப்பாடு ஒன்றைக் கொண்டு வந்தது. கட்டமைப்பு வைத்திருக்கும் நிறுவனங்கள், அதை மற்ற நிறுவனங்களுக்கு வாடகைக்கு விடும்போது வசூலிக்கும் கட்டணத்துக்கு உச்சவரம்பு விதித்தது. போட்டி கூடியது, அகண்ட அலைவரிசைக் கட்டணம் குறைந்தது. அதே ஆண்டில் யூனிஃபை வாடிக்கையாளர் பலரின் 30 எம்.பி.பி.எஸ். இணைப்பு, கூடுதல் கட்டணமின்றி 300 ஆக உயர்ந்தது.

இரண்டுமே அரசாங்கக் கட்டுப்பாடுதான். ஆனால் 2018-இல் அஞ்சல் கட்டணத்துக்கு வரம்பு வந்தது. 2024-இல் அஞ்சலட்டையின் பயணமே மாறியது. ஆகவே, ‘கட்டுப்பாடு வேண்டுமா, வேண்டாமா?’ என்று மட்டும் கேட்டால் விவாதம் பாதியிலேயே நின்றுவிடும்.

உங்கள் பள்ளியில் இதை விவாதிக்க நேர்ந்தால், மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். கட்டுப்பாடு எதன் மீது: விலையின் மீதா, நாம் போகும் இடத்தின் மீதா? தடைப் பட்டியலை யார் முடிவு செய்கிறார். தவறாகத் தடுக்கப்பட்டவர் யாரிடம் முறையிடலாம்? அந்த ஏற்பாடு பழுதானால் எத்தனை பேர் பாதிக்கப்படுவர்? இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் தரும் கட்டுப்பாட்டை ஆதரித்துப் பேசுவது எளிது. பதில் இல்லாதபோது, நோக்கம் நல்லதாக இருந்தாலும் கேள்வி கேட்க வேண்டியது நம் கடமை.