மூன்று வீட்டில் ஒரு கோப்பு

வீட்டு ஹார்ட் டிஸ்க் என்றைக்காவது ஒருநாள் படுத்துவிடும். அதனால் இன்னொரு நகல் வேண்டும். நண்பர் வீட்டில் வைக்கலாம்தான். ஆனா அவர் திறந்து பார்க்கலாம், அவர் டிஸ்கும் போகலாம். இந்த இரண்டு கவலைக்கும் சேர்த்து எழுதப்பட்ட இலவச மென்பொருள் டாஹோ-லாஃப்ஸ்.

கோப்பு நம் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகும் முன்பே என்கிரிப்ட் ஆகிவிடுகிறது. பிறகு 10 துண்டுகள். அதில் எந்த 3 கிடைத்தாலும் முழுக் கோப்பும் திரும்பி வரும்! 1960இல் ரீடும் சாலமனும் வெளியிட்ட கணக்கின் வகை இது. லேசாகக் கீறிய சிடி பாடுவதும் இதனால்தான். துண்டை வைத்திருப்பவரால் படிக்க முடியாது. நமக்குத் தெரியாமல் மாற்றவும் முடியாது.

முதலில் ஒரே கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். கோப்பை ஏற்றவே மறுத்துவிட்டது. செட்டிங்கில் 3, 7, 10 என்று மூன்று எண்கள் இருக்கும். நடுவில் இருக்கும் 7, துண்டுகள் குறைந்தது 7 தனித்தனி சர்வர்களுக்குப் போகணும் என்கிறது. மூன்றையும் 1 ஆக்கினால் ஏறும், ஆனா அப்புறம் இதை எதுக்குப் போடணும்?

இப்போது என் வீடு, தம்பி வீடு, நண்பர் வீடு. எண்கள் 2, 3, 3. 10 ஜிபி போட்டால் மொத்தம் 15 ஜிபி இடம் பிடிக்கும். ஒரு வீட்டு டிஸ்க் போனாலும் கோப்பு தப்பிக்கும். மூன்று கம்ப்யூட்டரும் ஒன்றையொன்று கண்டுபிடிக்க இன்ட்ரொட்யூசர் என்ற சின்ன புரோகிராம் தம்பி வீட்டில் ஓடுகிறது. வீட்டு ரவுட்டர்களைத் தாண்டிப் பேச மூவரையும் ஒரே விபிஎன்னில் சேர்த்தேன்.

எல்லாம் சரி என்றுதான் நினைத்தேன். ஒருநாள் சோதனைக்காக என் டிஸ்கைக் கழற்றி வைத்துவிட்டு, வேறு லேப்டாப்பில் குடும்பப் படங்களை மீட்கப் பார்த்தேன். மற்ற இரண்டு வீட்டிலும் துண்டுகள் பத்திரமாக இருந்தன. ஆனால் திறக்கும் சாவி? கழற்றி வைத்த டிஸ்கில்!

டாஹோவில் யூசர்நேம், பாஸ்வேர்ட் கிடையாது. ஒவ்வொரு ஃபோல்டருக்கும் கேப் என்று ஒரு நீண்ட எழுத்துச் சரம் இருக்கும். அது கையில் இருந்தால் திறக்கும், தொலைந்தால் யாராலும் மீட்டுத் தர முடியாது. 'மறந்துவிட்டதா?' என்று கேட்கும் பட்டன் எல்லாம் இல்லை.

நல்லவேளை, அது சோதனைதான். கேப்பையும் இன்ட்ரொட்யூசர் முகவரியையும் தாளில் அச்செடுத்து ஒன்றை பீரோவில் வைத்தேன், இன்னொன்றை மனைவியிடம் கொடுத்தேன். அந்தத் தாள் யாரிடம் இருக்கிறதோ அவர் எல்லாவற்றையும் பார்க்கலாம், அதனால் யோசித்துக் கொடுங்கள்.

நீங்களும் போடுவதாக இருந்தால், பழைய நகலை அழிக்கும் முன்பு உங்கள் டிஸ்க் இல்லாமல் ஒருமுறை மீட்டுப் பாருங்கள்.