300 ரூபாய் ஸ்பைக் கார்டு உங்க கம்ப்யூட்டரைக் காப்பாற்றுமா? வாங்கும் முன் பார்க்க வேண்டியது என்ன?

கரண்ட் போய்த் திரும்பி வரும்போது 'டப்'னு ஒரு சத்தம். அதோடு கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை. "ஸ்பைக் கார்டில்தானே மாட்டியிருந்தோம், அப்புறம் எப்படி?" என்று குழம்புபவர்கள் பலர். அந்தப் பெட்டிக்குள் பாதுகாப்பு தரும் பாகமே இல்லாமல் இருந்திருக்கலாம். இருந்தும் ஏற்கெனவே செயலிழந்திருக்கலாம்.

உள்ளே என்ன இருக்கணும்?

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அருகில் மின்னல் விழும்போதும், மின்தடைக்குப் பிறகு சப்ளை திரும்பும்போதும் கண் இமைப்பதைவிடக் குறைந்த நேரத்துக்கு வோல்டேஜ் பல மடங்கு எகிறலாம். இதுதான் 'சர்ஜ்'.

இதைச் சமாளிப்பது 'எம்ஓவி' என்ற, பட்டன் போன்ற சின்ன பாகம். துத்தநாக ஆக்சைடால் ஆனது. சாதாரண வோல்டேஜில் சும்மா இருக்கும். வோல்டேஜ் எகிறினால், அந்த அடியைத் தன் வழியாகத் திருப்பிவிடும். ஆனால், ஒவ்வொரு பெரிய அடியிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும்.

சிவப்பு லைட் எரிந்தால் போதுமா?

போதாது. பல மலிவான பெட்டிகளில் அந்த லைட், கரண்ட் வருகிறது என்பதை மட்டுமே காட்டும். ஃபியூஸும் சர்ஜைத் தடுக்காது. ஓவர்லோடு ஆனால்தான் கட் ஆகும். 'எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்' என்று மட்டும் எழுதியிருந்தால், அது வெறும் பிளக் பாயின்ட் பெட்டி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அட்டையில் எதைப் பார்ப்பது?

* ஜூல் அளவு: எவ்வளவு அடி தாங்கும் என்பதற்கான கணக்கு. அதிகமாக இருந்தால் நல்லது. இந்த எண்ணே இல்லையென்றால் சந்தேகப்படுங்கள்.
* கிளாம்பிங் வோல்டேஜ்: எந்த அளவுக்கு மேல் போகவிடாமல் பிடிக்கும் என்பது. 230 வோல்ட்டுக்கான பெட்டிகளில், இது குறைவாக இருப்பதே மேல்.
* தனி லைட்: 'புரொடெக்டட்' என்று தனியாக ஒரு லைட் இருந்தால் நல்லது. அது அணைந்தால் பெட்டியை மாற்றும் நேரம் வந்துவிட்டது.
* தெர்மல் ஃபியூஸ்: தேய்ந்த எம்ஓவி சூடாகித் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. அதைத் துண்டிக்க இது தேவை.
* ஐஎஸ்ஐ முத்திரை: ஐஎஸ் 1293 என்பது பிளக், சாக்கெட்டுக்கான தரம். ஷாக், சூடு விஷயத்தில் முக்கியம். ஆனால் சர்ஜைத் தடுக்கும் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. உரிம எண் உண்மையா என்று 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் பார்க்கலாம்.

அமெரிக்காவில் இருந்து உறவினர் கொண்டுவந்த 120 வோல்ட் பெட்டியா? இங்கே மாட்டவே மாட்டாதீங்க. நம்ம 230 வோல்ட்டே அதுக்கு 'சர்ஜ்'தான், எரிந்துபோகும்.

எர்த் இருக்கா?

பலரும் கோட்டைவிடும் இடம் இது. சர்ஜின் ஒரு பகுதியை எர்த் வழியாகத்தான் வெளியேற்ற முடியும். வீட்டில் எர்த் சரியில்லை என்றால், 2,000 ரூபாய் பெட்டியும் பாதி வேலைதான் செய்யும். எலக்ட்ரீஷியனை வைத்து ஒருமுறை செக் பண்ணிடுங்க. இரண்டு பின் பிளக் உள்ள பெட்டியைத் தவிர்த்துவிடுங்கள்.

எதைத் தடுக்காது?

நியூட்ரல் கட் ஆகி வீட்டுக்குள் 400 வோல்ட் வரை வந்து நின்றால், எந்த ஸ்பைக் கார்டும் தாங்காது. அதற்கு ஹை வோல்டேஜில் சப்ளையைத் துண்டிக்கும் கருவி தனியாக வேண்டும். லோ வோல்டேஜுக்கும் இது மருந்தல்ல. நேரடி மின்னலுக்கு ஒரே வழி, பிளக்கைக் கழற்றுவதுதான். இடி இடிக்கத் தொடங்கும் முன்பே இன்டர்நெட் கேபிளையும் சேர்த்துக் கழற்றுங்கள். அந்த வழியாகவும் சர்ஜ் வரும்.

இன்னொன்று, 6 ஆம்பியர் பெட்டி தாங்குவது சுமார் 1,380 வாட்ஸ்தான். அதிலேயே அயர்ன் பாக்ஸையும் ஹீட்டரையும் மாட்டாதீங்க.

எரிந்த பவர் சப்ளையைக் காசு கொடுத்து மாற்றிவிடலாம். ஹார்ட் டிஸ்கில் இருந்த குழந்தையின் போட்டோவும், பாதி முடித்த புராஜெக்ட்டும் எந்தக் கடையிலும் கிடைக்காது. ஸ்பைக் கார்டு வாங்குற அன்னைக்கே, ஒரு பேக்கப்பும் எடுத்து வச்சிடுங்க.